கடல் கடந்த நிலப்பகுதிகள்: அடைப்புக்குறியை நம்பி எழுதும் தவறுகள்

குன்னூரில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் பாடம் நடத்துகிறேன். ரியூனியன், பெர்முடா, போர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றைக் 'காலனிகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதாத குறிப்பேடு அவர்களிடம் அரிது. வரைபடத்தில் தீவின் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் இருக்கும் நாட்டின் பெயர் அதன் சட்டநிலையைச் சொல்வதில்லை.

தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரியூனியன், 1946 முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். அங்குள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் அங்கே செல்லும். இதை நம்பத் தயங்கிய ஒரு மாணவி, சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பத்து யூரோ நோட்டை அடுத்த வாரம் எடுத்து வந்தாள். அதன் பின்புறத்தில், ஐரோப்பா வரைபடத்தை ஒட்டிய சிறு கட்டங்களில் பிரெஞ்சு கயானா, குவாதலூப், மார்த்தினிக்கோடு ரியூனியனும் இருந்தது. கட்டம் நகத்தளவுகூட இல்லை. ஆனாலும் வகுப்பு முழுவதும் அதைக் கைமாற்றிப் பார்த்தது.

அதைப் பார்த்துவிட்டுப் பிரான்சின் தீவுகள் அனைத்தும் அப்படித்தான் என்று எழுதுவது அடுத்த தவறு. ரியூனியனுக்குப் பிரெஞ்சு அரசமைப்பின் 73-ஆம் பிரிவு பொருந்த, பிரெஞ்சு பொலினீசியாவுக்குப் பொருந்துவது தன்னாட்சிக்கு இடமளிக்கும் 74-ஆம் பிரிவு. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதியும் அல்ல. அங்கே புழங்குவது பசிபிக் பிராங்க்.

பிரிட்டனின் கதை நேர்மாறானது. பெர்முடா உட்பட அதன் 14 கடல்கடந்த நிலப்பகுதிகளும் ஐக்கிய ராஜ்ஜியத்தின் அங்கம் அல்ல. அவற்றுக்கு லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் கிடையாது. ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு ஆகியவை முடியாட்சியைச் சார்ந்த தனி வகை என்பதால், அவற்றை இந்த 14-இல் சேர்க்கக் கூடாது. இந்த 14-இல் ஒன்றில் அடங்கும் இந்தியப் பெருங்கடல் தீவுக்கூட்டமான சாகோஸ் குறித்துச் சர்வதேச நீதிமன்றம் 2019-இல் வழங்கியதைத் 'தீர்ப்பு' என்று எழுதுகிறார்கள், அது ஐ.நா. பொதுச்சபை கேட்டதற்கு அளித்த ஆலோசனைக் கருத்து. இந்த வேறுபாட்டுக்காக நான் மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்குவதில்லை.

போர்ட்டோ ரிக்கோவில் பிறப்போர் அமெரிக்கக் குடிமக்களே. ஆயினும் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை.

நம் அந்தமானை இந்த வரிசையில் வைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அது அரசமைப்பின் முதல் அட்டவணையில் உள்ள ஒன்றியப் பிரதேசம். மக்களவைக்கு உறுப்பினரை அனுப்பும் இந்திய மண். புதுச்சேரியிலோ தேதி சறுக்கும்: நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1; சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16. வினாவில் 'சட்டப்படி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விடையைத் தொட வேண்டும்.