பதில் எழுதும் முன் இரட்டை அம்புக்குறி

நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அரசியல் செய்தி போட்டால், பாய்ந்து பதில் எழுதாமல் அதன் மேற்பகுதியில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்தச் செய்தி குறைந்தது 5 முறை கைமாறி வந்திருக்கிறது. எழுதியவர் உங்கள் நண்பர் அல்ல. எழுதாத ஒன்றுக்காக அவரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, "இது முதலில் எதில் வந்தது?" என்று ஒரு வரி கேட்டால் போதும். பாதிப் பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள், நானும் அடங்கியிருக்கிறேன். நகலெடுத்து ஒட்டிய வாசகத்திலும் புதிதாக எடுத்த ஸ்கிரீன்ஷாட்டிலும் இந்தக் குறி வராது. குறி இருப்பதாலேயே செய்தி பொய் என்றும் ஆகிவிடாது. உண்மைச் செய்தியும் அப்படித்தான் சுற்றுகிறது.