ஒரு மரபணுவை எந்தப் படியெடுத்தல் காரணி ஆள்கிறது என்று கண்டறியும் முறை

மனிதர்களிடம் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள் சுமார் 1,600 மரபணுக்கள் படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்களை உருவாக்குகின்றன. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட சில எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் வேதி அலகுகள்) அமைந்த இடத்தைப் பற்றிக்கொண்டு, ஒரு மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுவதைத் தூண்டுவதோ தடுப்பதோ இவற்றின் பணி. ‘இந்தக் காரணி இந்த மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது’ என்று ஆய்வேடுகளில் எளிதாக எழுதிவிடுகிறோம். அந்த வாக்கியத்தை எழுதும் தகுதியைப் பெற என்னென்ன செய்ய வேண்டும் என்பதை முதுகலை மாணவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாகக் காமா குளோபின் மரபணுவைக் கொள்வோம். கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினுக்கு இது தேவை. பிறந்த சில மாதங்களில் இது பெரும்பாலும் அடங்கிவிட, பீட்டா குளோபின் அதன் இடத்தை ஏற்கிறது. அரிவாள் செல் நோயில் பழுதுபட்டிருப்பது பீட்டா குளோபின் என்பதால், காமா குளோபின் அடங்காமல் தொடர்ந்தால் நோயின் கடுமை குறைகிறது. இந்நோய் பற்றி இந்தியாவிலிருந்து வந்த தொடக்க காலப் பதிவுகளுள் ஒன்று 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே செய்யப்பட்டது. ஆகவே காமா குளோபினை அடக்குவது எது என்ற கேள்வி நமக்குத் தொலைவிலுள்ளது அன்று.

முதலில் செல்லைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. இருந்தாலும், எந்தக் காரணிகள் இருக்கின்றன, டி.என்.ஏ.வின் எந்தப் பகுதி திறந்திருக்கிறது (அதாவது, புரதங்கள் அணுகக்கூடியவாறு தளர்ந்திருக்கிறது) என்பவை செல்லுக்குச் செல் மாறும். ஆய்வகங்களில் எளிதில் கிடைக்கும் கே562 என்னும் மனித இரத்தப் புற்றுநோய்ச் செல்கள் கருக்காலக் குளோபின்களையே உருவாக்குகின்றன. பெரியவர்களின் உடலில் காமா குளோபின் அடங்கும் விதத்தை அறிய அவை உதவா. வளர்ந்தவரின் இரத்தச் சிவப்பணு முன்னோடிகளையோ, அவற்றை ஒத்த ஹியூடெப்-2 செல்களையோ பயன்படுத்த வேண்டும். இங்கே நேரும் பிழையைப் பின்வரும் எந்தப் படியாலும் திருத்த முடியாது.

அடுத்து, ஜாஸ்பர் என்னும் கட்டணமில்லாத் தரவுத்தளத்தில் உங்கள் காரணி விரும்பும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். கேட்டா-1 என்ற காரணிக்கு அது ஏ அல்லது டி, பிறகு ஜி-ஏ-டி-ஏ, இறுதியில் ஏ அல்லது ஜி. இவ்வரிசை தற்செயலாக அமையும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஓர் இழையில் 1,024 இடங்களுக்கு ஒன்று, இரு இழைகளையும் சேர்த்தால் 512-க்கு ஒன்று. 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபுத்தொகுதியில் இது ஏறத்தாழ 60 லட்சம் இடங்களாகிறது. இவற்றுள் மிகச் சிறு பங்கிலேயே காரணி உண்மையில் அமர்கிறது என்பதால், வரிசை பொருந்துவதை மட்டும் சான்றாகக் காட்டும் ஆய்வுரைகளை நான் ஏற்பதில்லை.

ஆகவே, அந்த இடம் திறந்திருக்கிறதா என்று, மரபுத்தொகுதியைத் திரையில் காட்டும் யு.சி.எஸ்.சி. ஜீனோம் பிரௌசர் என்னும் இணையதளத்தில் பாருங்கள். மரபணுவின் பெயரை இட்டு, மரபுத்தொகுதியின் செயற்பகுதிகளைத் தொகுக்கும் என்கோட் திட்டத்தின் டி.என்.ஏஸ் தரவையும் (திறந்த டி.என்.ஏ.வை வெட்டும் நொதியால் பெறப்படுவது) ஹிஸ்டோன் அசிட்டைல் குறியீட்டுத் தரவையும் (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களில் செயல்படும் பகுதிகளைக் காட்டும் வேதிக் குறி) உங்கள் செல் வகைக்கு இயக்கினால், திறந்த பகுதிகள் மேடுகளாகத் தெரியும். மேட்டுக்கு மிக அருகிலுள்ள மரபணுவே அதன் இலக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உடற்பருமனோடு தொடர்புடைய எழுத்து மாற்றங்கள் எஃப்.டி.ஓ. மரபணுவுக்குள் இருந்தும், அவை தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 மரபணுவைப் பாதிக்கின்றன என்று 2014-இல் தெரியவந்தது.

பிறகு, காரணி அங்கே அமர்கிறதா என்பதைச் சோதனையால் காட்ட வேண்டும். காரணி பற்றியிருக்கும் டி.என்.ஏ. துண்டுகளை எதிர்ப்புரதத்தின் துணையால் பிரித்தெடுத்துப் படிக்கும் சிப்-சீக் முறையோ, மேலும் நுட்பமான கட்-அண்ட்-ரன் முறையோ இதற்கு உதவும். காமா குளோபினை பி.சி.எல்.11ஏ என்ற காரணி அடக்குகிறது என்பது 2008-இல் நிறுவப்பட்டது. ஆனால் அது பற்றும் இடம் 2018-இல்தான் துல்லியமாகத் தெளிவானது. மரபணுவின் தொடக்கத்துக்கு முன்னே சுமார் 115 எழுத்துத் தொலைவிலுள்ள டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற வரிசையே அவ்விடம். அதே வரிசை அருகிலேயே இன்னொரு முறையும் வருகிறது, ஆனாலும் பி.சி.எல்.11ஏ முதன்மையாக நாடுவது அவற்றுள் ஒன்றை மட்டுமே.

அமர்வதும் ஆள்வதும் ஒன்றல்ல என்பதால், கடைசியாக அந்த இடத்தை, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையில் சிதைத்து, இலக்கு மரபணுவின் ஆர்.என்.ஏ. அளவு மாறுகிறதா என்று அளவிடுங்கள். காரணியையே நீக்கினால் விளைவு நேரடியானதா, வேறொரு மரபணு வழியாக வந்ததா என்று பிரித்தறிய முடியாது. அது அமரும் இடத்தை மட்டும் மாற்றினால் அந்த ஐயம் பெரிதும் நீங்கும். பி.சி.எல்.11ஏ-யில் இன்னொரு சிக்கலும் உண்டு: பி-லிம்போசைட்டுகள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் மூளை வளர்ச்சிக்கும் அது தேவை. ஆகவே அம்மரபணுவைத் தொடாமல், சிவப்பணு முன்னோடிகளில் மட்டும் அதைத் தூண்டும் மேம்படுத்தி (மரபணுவின் செயலை உயர்த்தும் டி.என்.ஏ. பகுதி) ஒன்றிலுள்ள கேட்டா-1 அமரும் இடத்தைச் சிதைத்தார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனில் ஒப்புதல் பெற்ற, அரிவாள் செல் நோய்க்கான காஸ்ஜெவி சிகிச்சை இவ்வாறே செயல்படுகிறது.

ஆர்.என்.ஏ. அளவு மாறிய பின்னரும் ஒரு சோதனை மீதம் இருக்கிறது. தொடக்கத்துக்கு முன் 117-ஆம் இடத்தில் நேரும் இயற்கையான மாற்றம் பி.சி.எல்.11ஏ-யை அமரவிடாமல் செய்து காமா குளோபினை உயர்த்துகிறது. 113-ஆம் இடத்து மாற்றமும் அதையே உயர்த்துகிறது. ஆனால் அது பி.சி.எல்.11ஏ-யை விலக்காமல், கேட்டா-1 அமர்வதற்குப் புதிய இடத்தை உருவாக்குகிறது. எனவே எழுத்தை மாற்றிய செல்களில் எந்தக் காரணி விலகியது என்பதோடு, எது புதிதாக வந்து அமர்ந்தது என்பதையும் சோதியுங்கள்.