உரிமைத் தொகை வேறு கணக்குக்குப் போனால்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் வந்த 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை திடீரென்று வரவில்லை. பிள்ளைகளின் நோட்டு, பஸ் செலவெல்லாம் அதில்தான். விசாரித்தால், எப்போதோ தொடங்கி மறந்துபோன ஜீரோ பேலன்ஸ் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது!

கேஒய்சிக்கு, அதாவது வங்கியின் அடையாளச் சரிபார்ப்புக்கு ஆதார் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வர என்பிசிஐ என்ற தேசியப் பணப் பரிமாற்ற அமைப்பில் ஆதாரை வங்கியோடு இணைப்பது வேறு. கடைசியாக இணைத்த வங்கிக்கே பணம் போகும்.

ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து வங்கி இணைப்பைப் பாருங்கள். வங்கிப் பெயரும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். மலையில் டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் ஓடிபி காலாவதியாகிவிடும், பேருந்து நிலையப் பக்கம் வந்து முயலுங்கள்.

பிறகு வேண்டிய வங்கியில் ஆதார் சீடிங் படிவம், அதாவது இந்த இணைப்புக்கான படிவம் கேளுங்கள். பழைய வங்கியிலிருந்து மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு, அந்த வங்கிப் பெயரையும் எழுத வேண்டும். இதை விட்டால் பழைய இணைப்பே நீடிக்கும். சில நாள் கழித்துத் தளத்தில் மறுபடி பாருங்கள். ஏற்கெனவே விழுந்த பணத்தைப் பழைய கணக்கிலிருந்தே எடுக்கலாம்.