கால் எலும்பு முறிவுக்குப் பின் ரத்தக் கட்டி: வீட்டில் நடக்கும் தவறுகள்

தொடை எலும்போ இடுப்பெலும்போ முறிந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து டிஸ்சார்ஜும் ஆகிவிட்டால், கண்டம் தாண்டியாயிற்று என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் காலின் ஆழ்சிரைகளில், அதாவது தசைக்குள் ஆழமாக ஓடும் ரத்தக்குழாய்களில், ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் அதற்கப்புறமும் பல வாரங்கள் இருக்கிறது. அடிபட்டதில் ரத்தக்குழாயின் உட்சுவர் சேதமாகியிருக்கும். காயத்தை ஆற்றுவதற்காக உடலே ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டியிருக்கும். நடந்தால்தான் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். அதுவும் இப்போது இல்லை.

இந்த நிலையில், 'வலிதான் போய்விட்டதே' என்று ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மருந்தை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அது வலிக்கான மருந்தே இல்லை. இடுப்பெலும்பு முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு 35 நாட்கள் வரைகூட அதைத் தருவதுண்டு. இந்த மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்ளப் பிடிக்கவில்லையா? மாத்திரை சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்பு முறிந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், உயிரிழப்பைத் தடுப்பதில் ஆஸ்பிரின் மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் வகை ஊசிக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. காலில் கட்டி உண்டாவது மட்டும் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதல். அதனால் நாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளை இரண்டாகப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். கூடவே இப்யூபுரோஃபன் மாதிரி வலி மாத்திரையைக் கேட்காமல் சேர்த்தால் ரத்தக் கசிவு ஆபத்து ஏறும்.

அடுத்தது, வீக்கத்தை எல்லாம் முறிவின் கணக்கில் எழுதிவிடுவது. முறிந்த கால் வீங்கத்தான் செய்யும், சரி. குறைந்துவந்த வீக்கம் திடீரென்று கூடினாலோ, கெண்டைக்கால் இறுகி வலித்தாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ அன்றைக்கே காட்டவேண்டும். அடிபடாத காலிலும் கட்டி வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வலிக்கிறதே என்று காலை நீவிவிடாதீர்கள். கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

ஓய்வு என்ற பெயரில் அசையாமல் கிடப்பதும் தப்புதான். டாக்டர் அனுமதித்த அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம், எழுந்து நடக்கலாம். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் சிகிச்சை, முன்பு எப்போதாவது வந்த ரத்தக் கட்டி, புற்றுநோய் ஆகியவை கட்டி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுபவை. இவற்றில் எது இருந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காலைவரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் நடந்த தேதியையும், ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்கள்.