சைனஸுக்குக் கைவைத்தியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்து பனி இறங்கியதும் ரங்கூனில் வீட்டுக்கு ஒருவருக்காவது மூக்கு அடைத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் ஊறிய சுவர்கள் இன்னும் காயவில்லை, தெருவிலோ புழுதி கிளம்பிவிடுகிறது. எங்கள் நாட்டு மருந்துக் கடைக்கு நொச்சி, ஓமம், சுக்கு என்று கேட்டு வருகிறவர்களில் இப்போதெல்லாம் இளம் பிள்ளைகள் அதிகம். "எப்படிச் செய்யப் போறீங்க?" என்று கேட்டால், நம் வீடுகளில் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை ஒன்றுவிடாமல் சொல்கிறார்கள். பனியில் அலையாதே, ஈரத்தலையோடு படுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சளி பிடித்து, மண்டை கனத்து, கன்னமும் புருவமும் வலிக்கிற சைனஸ் பெரும்பாலும் வைரஸால் வருவது. பத்து நாளுக்குள் அதுவே தணிந்துவிடும். நொச்சியும் ஆவியும் உப்புநீரும் அந்த நாட்களைச் சற்று லேசாகக் கழிக்க உதவும், அவ்வளவுதான். அந்த ஆறுதலைத் தேடப் போய்ப் புதிதாக ஒரு காயத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது.

கொதிக்கிற பானையோடு போர்வைக்குள் புகுவது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இன்னும் நடக்கிறது.

ரங்கூனின் தாம்வே பகுதியில் தெரிந்த ஒரு வீடு. மின்வெட்டு நேரம். கரி அடுப்பில் கொதித்த நொச்சித் தண்ணீரை அலுமினியக் குண்டானோடு தூக்கிவந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மெத்தை மேல் வைத்தார்கள். பாட்டி பேரனை மடியில் இருத்திக் கம்பளியால் இருவரையும் மூடிக்கொண்டார். பிள்ளைக்கு மூச்சு முட்டியது, காலை உதைத்தான், குண்டான் சாய்ந்தது. கம்பளி அந்தச் சூட்டை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அதை விலக்கி, இருட்டில் துணியைக் கழற்றுவதற்குள் தொடை இரண்டும் வெந்துபோயின. போதாததற்கு யாரோ மேலே பற்பசையைத் தடவிவிட்டார்கள். சளி சில நாளில் போயிருக்கும். தழும்பு போகவில்லை.

ஆவி பிடிக்கும்போது பெரும்பாலும் சுடுவது ஆவி அல்ல, கவிழ்கிற தண்ணீர். மடி, மெத்தை, ஆடுகிற ஸ்டூல், இவற்றின் மேல் பாத்திரம் இருக்கிறவரை எவ்வளவு கவனமாக இருந்தாலும் பயனில்லை. "கொதிக்கக் கொதிக்கப் பிடிச்சாத்தான் கேக்கும்" என்பதும் தவறு. எலும்புக்குள் இருக்கிற சைனஸ் அறைகளின் வாசல் மிகச் சிறியது, அதுவும் சளிப்பிடிப்பில் வீங்கி அடைத்திருக்கும். மூக்கில் காய்ந்து ஒட்டிய சளியை ஆவி இளக்கும். அதற்கு இதமான சூடு போதும். சூட்டைக் கூட்டினால் முகம்தான் வேகும்.

பெரியவர்களுக்கு ஆவி பிடித்தே ஆகவேண்டுமென்றால் அடி அகலமான கனத்த பாத்திரத்தை எடுங்கள். அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு, சுவரோரம் உறுதியான மேசையில் வையுங்கள். முகம் வைக்கப்போகிற உயரத்தில் முதலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை தாங்காத சூட்டை முகமும் தாங்காது. கம்பளி வேண்டாம். தலையில் ஒரு மெல்லிய துண்டு, பக்கங்கள் திறந்திருக்கட்டும், கண் மூடியிருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். விளக்கு இல்லாத நேரத்தில் செய்யாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம். மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர், குடிக்க வெதுவெதுப்பாக ஏதாவது, அது போதும். தண்ணீர் கொட்டிவிட்டால் துணியை விலக்கி, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பற்பசை, முட்டை, ஐஸ் எதுவும் கூடாது.

காய்ச்சாத தண்ணீரில் மூக்கைக் கழுவுவது

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல வைத்தியம், டாக்டர்களும் சொல்கிறார்கள். ஆனால் குழாய்த் தண்ணீர், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர், வீட்டுக்கு வருகிற இருபது லிட்டர் பாட்டில் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். குடிக்கத் தகுந்த தண்ணீரெல்லாம் மூக்குக்குத் தகுந்ததல்ல. அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், நெக்லேரியா என்ற அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். அபூர்வம்தான், ஆனால் வந்தால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். ஒரு டம்ளருக்கு, அதாவது 240 மில்லிக்கு, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. வெறும் தண்ணீர் விட்டால் மூக்கு எரியும். எரிகிறதே என்று பலர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். கழுவியதும் இரண்டு மூக்கையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தாதீர்கள், தண்ணீர் காதுப் பக்கம் ஏறும்.

பூண்டுச் சாறு, தும்பைச் சாறு

மூக்கில் விடாதீர்கள்.

மஞ்சள் சுட்ட புகை

புகை எதுவானாலும் வீங்கிய மூக்கை இன்னும் வீங்கவைக்கும்.

தைலத்தை மூக்குக்குள் தடவுவது

டைகர் பாம் பிறந்ததே நம் ரங்கூனில்தான். ஓ பூன் ஹோ, ஓ பூன் பார் சகோதரர்களின் குடும்பக் கடை இங்கேதான் இருந்தது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் தைலத்தை நெற்றிப் பொட்டோடு நிறுத்துங்கள். மெந்தால் பட்டதும் மூக்கு திறந்துவிட்டதுபோல இருக்கும். அது குளிர்ச்சியை உணர்கிற நரம்பு தருகிற உணர்வு மட்டுமே, வீக்கம் அப்படியே இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம், மெந்தால் சேர்ந்த எதையும் மூக்குக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். கற்பூரமோ யூகலிப்டஸ் தைலமோ வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

மூக்கு ட்ராப்ஸை விடாமல் போடுவது

அடைப்பைத் திறக்கக் கடையில் வாங்குகிற மருந்து ட்ராப்ஸைச் சொல்கிறேன், உப்புநீரை அல்ல. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்குமேல் போனால் அந்த ட்ராப்ஸே மூக்கை அடைக்கத் தொடங்கும். பிறகு நொச்சி கேட்கவில்லை என்று எங்களிடம் வந்து குறைப்படுவார்கள்.

பச்சைச் சளியைக் கண்டதும் ஆன்டிபயாட்டிக்

மருந்துக்கடையில் நாலு மாத்திரையைக் கத்தரித்து வாங்கிப் போடுகிறார்கள். சளி பச்சையாக இருப்பதை மட்டும் வைத்துப் பாக்டீரியா என்று சொல்ல முடியாது. நாள் கணக்கைப் பாருங்கள். பத்து நாளாகியும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திடீரென்று ஏறியது, அல்லது தொடக்கத்திலேயே கடும் காய்ச்சலோடு மூன்று நான்கு நாள் சீழ்போலச் சளி வந்தது என்றால் டாக்டரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி என்றால் அன்றைக்கே. சர்க்கரை நோயாளிக்கு முகம் மரத்தாலோ மூக்கில் கறுப்பாகப் பொருக்கு வந்தாலோ கைவைத்தியத்தை நினைக்கவே கூடாது.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கிற சளி

மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்துச் சைனஸை ஒட்டியே இருக்கிறது, அந்தப் பல் கெட்டாலும் இப்படி வரலாம். முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.