பழைய செய்தித்தாளில் பெண்கள் உடை: தேடும்போது தவறு நேரும் இடங்கள்

பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களை இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே படிக்கலாம். ஆஸ்திரேலியாவின் 'ட்ரோவ்', அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா' இரண்டு இணையதளங்களுமே இலவசம். பெண்களின் உடை மாறிவந்த கதையைத் தேட எனக்கு இவற்றைவிடப் பிடித்த இடம் இல்லை. அதனால்தான், யாராவது ஒரு பழைய பக்கத்தை வெட்டிப் போட்டு "அந்தக் காலத்துப் பெண்கள் இப்படித்தான் உடுத்தினார்கள்" என்று எழுதும்போது வருத்தமாக இருக்கிறது. பத்திரிகையில் வந்தது வேறு, பெண்கள் உடுத்தியது வேறு. தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் கேலிச்சித்திரம். 1851இல் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் சில பெண்கள் முழங்காலுக்குக் கீழே வரும் குட்டைப் பாவாடையும், அதற்குள் கணுக்கால்வரை தொளதொளவென்ற கால்சட்டையும் போட ஆரம்பித்தார்கள். அதை அங்கே முதலில் அணிந்து வந்தவர் எலிசபெத் ஸ்மித் மில்லர். அமீலியா ப்ளூமர் தாம் நடத்திய 'தி லில்லி' இதழில் அதை ஆதரித்து எழுதினார். மற்ற பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டு, அவர் பெயரையே உடைக்கு வைத்துவிட்டன. தாம் உருவாக்கிய உடை இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தார், பெயர் போகவில்லை. லண்டனில் 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழ், ப்ளூமர் உடைப் பெண்கள் தெருவில் புகைபிடிப்பதாகவும் ஆண்களிடம் போய்த் திருமணம் கேட்பதாகவும் படம் படமாகப் போட்டது. அவற்றை மட்டும் பார்த்தால் 1851இல் ஊரெல்லாம் ப்ளூமர் என்றுதான் தோன்றும். உண்மையில் அதை அணிந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். எலிசபெத் கேடி ஸ்டான்டன் போன்ற உறுதியான பெண்ணுரிமைப் போராளிகளே கேலி தாங்காமல் சில ஆண்டுகளில் பழைய பாவாடைக்குத் திரும்பினார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை கிரினோலின். எஃகு வளையங்களைக் கோத்த அந்தக் கூண்டுப் பாவாடை 1856இல் வந்தது. இதையும் 'பஞ்ச்' விடாமல் கேலி செய்தது. ஆனால் இதைச் சீமாட்டி முதல் ஆலைத் தொழிலாளிப் பெண்வரை ஏராளமானோர் அணிந்தார்கள். அதுவரை பாவாடை விரிந்து நிற்க, கனமான உள்பாவாடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. கூண்டு வந்ததும் அந்தப் பாரம் குறைந்தது. ஒன்றை அணிந்தவர் சிலர், மற்றொன்றை அணிந்தவர் பலர், கேலி மட்டும் இரண்டுக்கும் ஒன்றுபோல. ஆகவே கேலிச்சித்திரத்தை வைத்து எத்தனை பேர் அணிந்தார்கள் என்று கணக்குப் போட முடியாது. எது ஆண்களை உறுத்தியது என்பதைத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரே செய்தி இருபது பத்திரிகைகளில் இருந்தால் இருபது சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். அமெரிக்காவில் 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம், பத்திரிகை ஆசிரியர்கள் தங்கள் இதழ்களை ஒருவருக்கொருவர் தபால் செலவில்லாமல் அனுப்பிக்கொள்ள வழி செய்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் கத்தரித்து அப்படியே அச்சிடுவது அன்றாட வழக்கம். பாரிஸ் ஃபேஷன் பற்றிய ஒரு பத்தி மாதக்கணக்கில் கடல் தாண்டி ஆஸ்திரேலியப் பத்திரிகைக்கும் போய்ச் சேரும். அங்கே பருவமும் தலைகீழ். கோடை வெயிலில் ஐரோப்பியக் குளிர்கால மேலங்கி பற்றி அச்சாகியிருப்பதைப் பார்த்து, அந்த ஊர்ப் பெண்கள் அதைப் போட்டுத் திரிந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

தேடும் சொல்லும் நம்மைக் கைவிடும். 18ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில் கோர்செட் (இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளுடை) என்று தேடினால் பெரிதாக ஒன்றும் வராது. அப்போது அதை 'ஸ்டேஸ்' என்பார்கள். 1900 வாக்கில் அமெரிக்க விளம்பரங்களில் 'வெய்ஸ்ட்' என்றால் இடுப்பு மட்டும் அல்ல, பெண்கள் போடும் மேல்சட்டையும் அதுதான். 1911 மார்ச் 25 அன்று தீப்பிடித்து 146 பேரைப் பலிகொண்ட நியூயார்க் ட்ரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் ஆலையில் தைத்தது அந்தச் சட்டைகளைத்தான். பழைய அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும், கணினி 'சில்க்'கை 'ஃபில்க்' என்று படித்து வைத்திருக்கும். பட்டு கிடைக்கவில்லை என்றால் ஃபில்க் என்று தட்டிப் பாருங்கள், கொட்டும். தமிழிலும் இதே பாடுதான். ரவிக்கை, ஜாக்கெட், ஜம்பர் மூன்றையும் தேட வேண்டும், சேலையோடு சீலையையும் சேர்க்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னா, றா வடிவங்களைக் கணினி தடுமாறித்தான் படிக்கிறது.

படங்களைப் பற்றிச் சுருக்கமாக. செய்தித்தாளில் ஒளிப்படத்தைப் புள்ளிகளாக அச்சிடும் முறை 1880இல்தான் தலைகாட்டியது. பரவலாக இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன் இருந்தவை ஒருவர் வரைந்து, இன்னொருவர் மரக்கட்டையில் செதுக்கியவை. இடுப்பு எவ்வளவு மெலிய வேண்டும் என்பது அவர்கள் கையில் இருந்தது. ஒளிப்படம் வந்த பிறகும் ஆரம்பகாலத் தகடுகளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். 'கறுப்பு உடை' என்று முடிவு கட்டுமுன் பக்கத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள். கோர்செட் விளம்பரத்தில் உள்ள அங்குலக் கணக்கும் அப்படியே. அது கோர்செட்டை முழுவதும் மூடியபோது உள்ள அளவு. பின்னால் நாடா கட்டும் இடத்தில் இடைவெளி விட்டு அணிவார்கள் என்பதால் உடம்பின் இடுப்பு அதைவிடப் பெரிது.

இன்னொரு தவறு, ஃபேஷன் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்துப் பத்தியை விட்டுவிடுவது. 1947 பிப்ரவரி 12 அன்று உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் காட்டிய நீண்ட, அகன்ற பாவாடைகளுக்கு 'நியூ லுக்' என்று பெயர் வந்தது. பிரிட்டனில் எழுந்த கோபத்தை, புதுமை பிடிக்காதவர்களின் முணுமுணுப்பு என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் அங்கே 1941 ஜூன் 1 முதல் உடைக்கு ரேஷன். முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன், கம்பளித் துணியில் ஒரு கவுனுக்கே 11 போய்விடும். அந்த ரேஷன் 1949 மார்ச் வரை நீடித்தது. ஒரே பாவாடைக்குக் கெஜக்கணக்கில் துணியைக் கொட்டுவதைப் பார்த்து அவர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சரி, சாதாரணப் பெண்களின் உடையை எங்கே பார்ப்பது? திருட்டு வழக்குகளில், பிரேத விசாரணைச் செய்திகளில், காணவில்லை அறிவிப்புகளில். இவற்றைத் தாண்டிப் போவதுதான் பெரிய தவறு என்பேன். அமெரிக்காவின் 18ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில், 'வர்ஜீனியா கெசட்' போன்றவற்றில், தப்பி ஓடிய அடிமைப் பெண்களைப் பிடித்துத் தரச் சொல்லி 'உரிமையாளர்கள்' கொடுத்த விளம்பரங்கள் ஏராளம். ஆளை அடையாளம் காண்பதற்காக, ஆஸ்னபர்க் என்ற முரட்டுத் துணி உள்ளாடை முதல் பாவாடையின் நிறம்வரை எழுதியிருப்பார்கள். வேட்டையாடுவதற்காக எழுதப்பட்ட வரிகள், படிக்க மனம் கனக்கும். ஆனாலும் எந்த ஃபேஷன் பக்கமும் எட்டிப் பார்க்காத பெண்களின் உடை அங்கேதான் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரங்களில் சில இடங்களில் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று வரும். நம் கடற்கரை ஊர்த் தறிகளில் நெய்து கப்பலேறிய கட்டம்போட்ட துணிக்கு வந்த பெயர் அது. கடலுக்கு அப்பால், ஓடிப்போன பெண்ணொருத்தியின் தலைக்கட்டாக அது அச்சேறியிருக்கிறது.