ஈறு நோய்க்கு எச்சில் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈறு நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, பல் மருத்துவர் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். ஒரு பல்லுக்கு ஆறு இடம், வாய் முழுக்க. நேரம் பிடிக்கும், சிலருக்கு வலிக்கும். கொஞ்சம் எச்சிலைத் துப்பினால் விடை தெரிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

எச்சில் சோதனைகளில் அதிகம் பேசப்படுவது எம்எம்பி-8 என்ற நொதி. பற்களில் படியும் கிருமிகளை எதிர்க்க ஈறுக்குள் திரளும் வெள்ளையணுக்கள் இதை வெளியிடுகின்றன. பல்லையும் எலும்பையும் பிணைத்திருக்கும் கொலாஜன் நாரை இது வெட்டிவிடும். இதன் செயல்படும் வடிவம் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் கோடு காட்டும் பட்டைகள் இருக்கின்றன; கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலத்தான், சில நிமிடங்களில் முடிவு தெரியும். இன்டர்லூக்கின்-1 பீட்டா, கால்புரொடெக்டின் போன்ற, வீக்கம் இருக்கும்போது கூடும் புரதங்களையும் அளக்கிறார்கள்.

கோடு விழுந்தவுடன் 'உனக்கு ஈறு நோய் முற்றிவிட்டது' என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. எம்எம்பி-8 சொல்வது ஒன்றே ஒன்று: வாயில் இப்போது எங்கோ திசு சிதைந்துகொண்டிருக்கிறது. எந்தப் பல் என்று சொல்லாது. எலும்பு கரையாத வெறும் ஈறு வீக்கத்திலும் அது கூடலாம். வாய்ப்புண்ணோ, பாதி முளைத்து ஈறைக் குத்தும் ஞானப்பல்லோ கூட அளவை ஏற்றிவிடும். கம்பியும் எக்ஸ்ரேயும் காட்டுவது வேறு கணக்கு, இதுவரை எவ்வளவு இழந்தோம் என்பது. நன்றாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டவருக்கு எலும்பு குறைந்தே இருக்கும், ஆனால் எச்சில் அமைதியாக இருக்கும். இரண்டும் முரண்படுவதாக நினைத்துக் குழம்ப வேண்டாம். உலகப் பல் மருத்துவ அறிஞர்கள் 2017இல் கூடி வகுத்து, 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டிலும் நோயின் நிலையைத் தீர்மானிப்பது பல்லின் பிடிமான இழப்பும் எலும்பு இழப்பும்தான். எம்எம்பி-8 போல நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருளான பயோமார்க்கருக்கு அதில் துணை இடம்தான் உண்டு.

இதைவிட ஆபத்தானது எதிர்த் திசைத் தவறு: கோடு விழவில்லை, அதனால் நான் தப்பித்தேன் என்பது. எச்சில் வாய் முழுவதற்குமான கலவை. ஒரே ஒரு பல்லின் பின்புறம் 7 மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால், மற்ற பற்களின் நல்ல கணக்கில் அது கரைந்துபோகும். பல் எண்ணிக்கை குறைவாக உள்ளவர்களுக்கு நொதி கசிந்துவரும் இடமே குறைவு; மிச்சமிருக்கும் பல் ஆடிக்கொண்டிருந்தாலும் அளவு தாழ்வாக வரலாம். புகைபிடிப்பவர்களிடம் இன்னொரு சிக்கல். புகையால் ஈறில் ரத்தக்கசிவு அடங்கிவிடும், எச்சிலில் எம்எம்பி-8 அளவும் குறைவாகத் தெரிவதுண்டு. நோய் அதிகம் வரக்கூடிய ஆளுக்கே சோதனை 'பரவாயில்லை' என்று சொல்லிவிடும்! டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவரும் இதைக் கவனிக்க வேண்டும். 20 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் கூட அது இந்த நொதியை அடக்கும். ஈறு நோய்க்கு அந்த மருந்தைத் தருவதே அதற்காகத்தான். என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்காமல் முடிவைப் படிப்பவரை நான் நம்ப மாட்டேன்.

சரி, எச்சிலைச் சேகரிப்பதற்கு வருவோம். என் கணிப்பில் பாதிக் குளறுபடி இங்கேதான். சாப்பிட்ட கையோடு, பல் தேய்த்த கையோடு துப்பக்கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்திருந்தால் அதிலுள்ள வெள்ளையணுக்களும் புரதங்களும் எச்சிலில் கலந்து கணக்கைக் கெடுக்கும். ஆழம் பார்க்கும் கம்பியும் ரத்தம் வரவழைக்கும், ஆகவே எச்சிலை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் கம்பியை எடுப்பதுதான் முறை. எச்சில் வரவில்லை என்று எதையாவது மெல்லக் கொடுப்பதும் தவறு. மென்றால் காதருகே உள்ள சுரப்பிகள் நீர்த்த எச்சிலைக் கொட்டும், தேடும் பொருளின் செறிவு இறங்கிவிடும். தலையைக் குனிந்து, வாயில் ஊறுவதைத் தானாக வடியவிடுவதே நல்லது. அதேபோல வாய் வறட்சி உள்ளவருக்குச் செறிவு பொய்யாக ஏறித் தெரியலாம். நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் குறைவாக ஊறினால் எச்சிலே போதாது என்று அர்த்தம். சில கிட்டுகளில் துப்புவதே இல்லை. முதலில் தண்ணீரில் கொப்பளித்து, சற்றுப் பொறுத்து, அளந்து கொடுத்த நீரில் அரை நிமிடம் கொப்பளித்து அதைத்தான் சோதிப்பார்கள். கிட்டோடு வரும் தாளில் உள்ள முறையை 'ஏறக்குறைய' பின்பற்றினால் முடிவும் ஏறக்குறையதான் இருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் உடனே ஐஸில் வைக்க வேண்டும். எச்சிலில் புரதத்தை அரிக்கும் நொதிகள் நிறைய, அறை வெப்பத்தில் சும்மா இருக்காது.

கிருமி சோதனையையும் மரபணு சோதனையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற கிருமி எச்சிலில் இருப்பது நோய் இருப்பதாக ஆகாது. ஆரோக்கியமான வாயிலும் அது கொஞ்சம் தங்கியிருக்கும். மரபணு, நோய் வரும் சாய்வை மட்டும் பேசும்.

அடுத்தது 'நோயுள்ளவரில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 80 சதவீதம் பேரைச் சரியாக விடும்' என்ற மாதிரியான பேச்சு. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குக்காக 1000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 100 பேருக்கு நோய். சோதனை அவர்களில் 80 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 900 பேரில் 180 பேருக்கும் கோடு விழும். ஆக, கோடு விழுந்த 260 பேரில் உண்மையில் நோயுள்ளவர் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. போதாக்குறைக்கு, முற்றிய நோயாளிகளையும் முழு ஆரோக்கியமானவர்களையும் எதிரெதிரே வைத்து ஆராயும்போது எந்தச் சோதனையும் பிரகாசிக்கும். கஷ்டமெல்லாம் நடுவில் நிற்கும் ஆட்களிடம்தான்.

இவ்வளவு சொன்னதால் சோதனையே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். பல் மருத்துவர் இல்லாத முகாம்களில் யாரை முதலில் அனுப்புவது என்று பிரிக்க இது உதவும். அதைவிட, ஒரே ஆளைத் தொடர்ந்து கவனிப்பதில் இதன் பயன் அதிகம். ஆனால் அதே கிட், நாளின் அதே நேரம், அதே முறை என்று இருக்க வேண்டும். மொத்த எம்எம்பி-8ஐ அளக்கும் ஒரு ஆய்வகத்தின் எண்ணையும், செயல்படும் வடிவத்தை மட்டும் அளக்கும் இன்னொன்றின் எண்ணையும் பக்கத்தில் வைத்துக் 'குறைந்திருக்கிறதே' என்று மகிழ முடியாது. ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) முடித்த மறுநாளே சோதிப்பதிலும் பயனில்லை, ஈறு ஆறச் சில வாரம் பிடிக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சோதிக்கும்போதும் கோடு விழுந்தால், அடுத்த சந்திப்பை ஆறு மாதத்துக்குத் தள்ளாமல் முன்னதாகவே வரச் சொல்லி, கம்பியோடு ஒவ்வொரு பல்லாகத் தேடத் தொடங்கலாம்.